டெக்காலும் கிளியர் கோட்டும்: டர்பன் ஈரக்காற்றில் ஒரு ஜம்போ

1995 ஜூன் 24. ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்துக்கு மேலே சவுத் ஆஃப்ரிகன் ஏர்வேஸின் (எஸ்ஏஏ) அந்த போயிங் 747 தாழப் பறந்து போனதை டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு டிவியில் பார்த்தேன். ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்கப்போகிற நேரம், இறக்கைகளுக்கு அடியில் 'குட் லக் பொக்கெ' என்று, அதாவது எங்கள் ஸ்ப்ரிங்பாக் அணிக்கு வாழ்த்து, பெரிய எழுத்தில் எழுதியிருந்தது, தாத்தா நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். அந்த விமானத்தை 1/144 அளவு பிளாஸ்டிக் மாடலாகச் செய்ய வேண்டும் என்பது அன்றிலிருந்து இருக்கிற ஆசை. இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. மூக்கிலிருந்து வால் வரை ஏறக்குறைய 49 சென்டிமீட்டர், ஆரஞ்சு வால், அதில் பறக்கும் ஸ்ப்ரிங்பாக் மான், பக்கவாட்டில் நீண்ட நீலப் பட்டை. பாகங்களை ஒட்டுவதையும் பெயிண்ட் அடிப்பதையும் யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். நம் ஊரில் மாடல் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, டெக்கால் (எழுத்தும் படமும் அச்சடித்த, தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) ஒட்டும்போதும் கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) அடிக்கும்போதும்தான். அதனால் இந்த இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டுக்கும் தொல்லை கொடுப்பது காற்றுதான். டெக்காலுக்கு அடியில் காற்று மாட்டிக்கொள்கிறது, கிளியர் கோட்டுக்குள் காற்றிலிருக்கும் ஈரம் புகுந்துகொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் எதற்கு என்று தானாகவே புரியும்.

முதலில் அடித்தளம். மேட் பெயிண்ட், அதாவது பளபளப்பில்லாதது, கையால் தடவினால் வழவழப்பாகத் தெரியும், ஆனால் உண்மையில் அது மேடும் பள்ளமுமாக இருக்கிற பரப்பு. டெக்கால் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் உட்காரும், பள்ளங்களில் காற்று தங்கிவிடும், வெளிச்சம் பட்டால் எழுத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிப் படலம் வெள்ளி மாதிரி பளிச்சென்று தெரியும். இதைத்தான் சில்வரிங் என்கிறோம். வந்த பிறகு போக்குவது கஷ்டம், வராமல் தடுப்பது சுலபம்: டெக்காலுக்கு முன்னால் ஒரு நல்ல கிளாஸ் கோட், அதாவது பளபளப்பான கிளியர். வெள்ளை பெயிண்டே பளபளப்பாகத்தானே இருக்கிறது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். பளபளப்பு வேறு, சமதளம் வேறு. ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும் பெயிண்ட்கூட பளபளக்கத்தான் செய்யும்.

நான் பயன்படுத்துவது டமியா எக்ஸ்-22 என்ற கிளாஸ் கிளியர். ஒரு பங்கு எக்ஸ்-22, ஒன்றரைப் பங்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர். ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்ட் தெளிக்கும் கருவி) நாஸில் 0.3 மில்லிமீட்டர், அழுத்தம் 15 பிஎஸ்ஐ, அதாவது சுமார் ஒரு பார், தூரம் பத்து சென்டிமீட்டர். முதல் இரண்டு கோட் பனித்துளி விழுவது போல லேசாக, நடுவில் பத்து நிமிடம் விட்டு. மூன்றாவது கோட் ஈரமாக, பரப்பு கண்ணாடி மாதிரி மின்ன ஆரம்பிக்கும் அந்த நொடியில் கையை நகர்த்திவிட வேண்டும், ஒரு நொடி தாமதித்தால் வழிந்துவிடும். காய்ந்த பிறகு மாடலை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். டியூப்பின் பிம்பத்தின் ஓரம் கத்தி மாதிரி நேராகத் தெரிந்தால் சரி. ஓரம் நெளிந்து உதிர்ந்து தெரிந்தால் 3000 நம்பர் உப்புக்காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, இன்னொரு ஈரக் கோட் கொடுங்கள்.

அப்புறம் 48 மணி நேரம் தொடக்கூடாது. மாடலோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனுக்கும் அதே பெயிண்ட், அதே கிளியர் அடித்து வையுங்கள். காய்ந்ததா என்ற சந்தேகம் வந்தால் நகத்தால் ஸ்பூனை அழுத்திப் பாருங்கள், மாடலை அல்ல. மூக்கருகே கொண்டுபோனால் தின்னர் வாசம் வருகிறதா, இன்னும் காயவில்லை என்று அர்த்தம். இந்த ஸ்பூனைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசி வரை வேலைக்கு ஆகும்.

டெக்கால் தாளுக்கு வருவோம். தென்னாப்பிரிக்க விமானங்களுக்கான தாள்கள் நமக்குப் புதிதாகக் கிடைப்பது அரிது, யாரோ பல வருடம் பெட்டியில் வைத்திருந்தது கைமாறி வரும். கண்ணாடிப் படலம் மஞ்சளாகியிருந்தால் ஒரு ஜிப் பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெளியே பார்த்தபடி ஒட்டி வையுங்கள். நமக்கு வெயில் வடக்கிலிருந்து வருகிறது, ஆகவே வடக்கு ஜன்னல். சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மஞ்சள் நன்றாக வெளுத்துவிடும். அடுத்து, தாளில் தேவையில்லாத ஒரு சின்ன எழுத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடைந்து சிதறினால் மொத்தத் தாளும் அப்படித்தான் போகும். அப்போது மைக்ரோஸ்கேல் லிக்விட் டெக்கால் ஃபிலிம் ஒரு கோட் பூசலாம், அல்லது தாள் முழுக்க லேசாக கிளாஸ் கிளியர் அடித்து ஒரு நாள் காயவிடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு எழுத்தையும் ஓரம் ஒட்டி வெட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் இப்போது தாள் முழுக்க ஒரே படலமாகிவிட்டது.

இறக்கைக்கு அடியில் வரும் எழுத்துகளை நானே அச்சடித்தேன். இங்க்ஜெட்டில் அச்சடித்தால் மை தண்ணீரில் கரையும், எனவே கிளியர் ஸ்ப்ரே இரண்டு மூன்று லேசான கோட் அடித்துக் காயவைக்காமல் தண்ணீர் பக்கமே கொண்டுபோகக்கூடாது. சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். கருமையான பரப்பில் வெளிர் எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டெக்கால் தாளில் சுற்றுப்புற நிறத்தோடு சேர்த்து அச்சடிக்க வேண்டும்.

இனி ஒட்டும் வேலை. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் குழாயில் பல நாள் கலங்கல் தண்ணீர்தான் வந்தது, அப்போதிலிருந்து இந்த வேலைக்கு மட்டும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வடிகட்டி வைத்துக்கொள்கிறேன். மண் துகள் ஒன்று அடியில் மாட்டினால் டெக்காலில் கொப்புளம் மாதிரி நிற்கும். டெக்காலை இடுக்கியால் பிடித்து பத்துப் பதினைந்து நொடி முக்கி, எடுத்து சமையலறைத் தாளில் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் தானாக நகரத் தொடங்கும். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் பின்பக்கப் பசை கரைந்து போய்விடும், பிறகு ஓரங்கள் எழும்பும்.

ஒட்டப்போகிற இடத்தில் முதலில் மைக்ரோ செட் தடவுங்கள். வினிகர் வாசம் அடிக்கும், அது பரப்பில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி டெக்காலை இழுத்துப் பிடிக்க உதவும். கையில் இல்லாவிட்டால் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தும் சமாளிக்கலாம், சிப்ஸ் மேல் ஊற்றும் பழுப்பு வினிகர் வேண்டாம். டெக்காலைத் தாளோடு கொண்டுபோய் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, நனைந்த பிரஷ்ஷால் தாளிலிருந்து மாடல் மேல் தள்ளுங்கள். தூக்கி வைத்தால் மடங்கும். இடம் சரியாக அமைந்ததும் ஈரமான காட்டன் பட்ஸை (பஞ்சுக் குச்சியை) நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். தேய்க்கக்கூடாது, உருட்ட வேண்டும். அடியில் இருக்கும் தண்ணீரும் காற்றும் ஓரத்தில் சின்னக் குமிழிகளாக வெளியே வருவது கண்ணுக்கே தெரியும். அது நிற்கும் வரை உருட்டுங்கள்.

ஐந்து நிமிடம் கழித்து மேலே மைக்ரோ சோல். இது படலத்தை மென்மையாக்கி பானல் கோடுகளுக்குள், அதாவது விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளங்களுக்குள் இறக்கிவிடும். தடவின சில நிமிடத்தில் டெக்கால் வெந்த அப்பளம் மாதிரி சுருங்கும். என் அக்கா மகன் முதல் தடவை பக்கத்தில் இருந்து பார்த்தபோது "மாமா, கெட்டுப்போச்சு, எடுங்க" என்று கையை நீட்டிவிட்டான். அந்த நேரத்தில் விரல் பட்டால்தான் உண்மையிலேயே கெடும், ஈரத் தாள் மாதிரி கிழிந்து வந்துவிடும். எழுந்து வெளியே போய்விடுங்கள். திரும்பி வரும்போது சுருக்கம் எல்லாம் போய், எழுத்து பெயிண்டில் எழுதினது மாதிரி படிந்திருக்கும். கோடுகளில் இன்னும் பாலம் கட்டினது போல நின்றால் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. தடித்த டெக்காலுக்கு மிஸ்டர் மார்க் சாஃப்டர் இன்னும் வலுவாக வேலை செய்யும். ஆனால் பழைய தாளிலும் வீட்டில் அச்சடித்ததிலும் அதை முதலில் ஸ்பூனில் சோதியுங்கள்.

நீலப் பட்டைதான் இந்த விமானத்தில் பெரிய சோதனை. ஒரே நீளமாக ஒட்ட முயலாதீர்கள். கதவு ஓரத்தில் வெட்டி மூன்று நான்கு துண்டாக்குங்கள், வெட்டின இடம் கதவின் கோட்டோடு மறைந்துவிடும். பட்டையின் கீழ் விளிம்பு எங்கே வர வேண்டுமோ அதற்கு ஒரு மில்லிமீட்டர் கீழே மெல்லிய மாஸ்கிங் டேப்பை மூக்கிலிருந்து வால் வரை ஒட்டிக்கொண்டு, மாடலைக் கண் மட்டத்துக்குத் தூக்கி முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பாருங்கள். டேப் நேராக இருந்தால் பட்டையும் நேராக வரும். ஒட்டும்போது தண்ணீரைத் தாராளமாக விடுங்கள், துண்டு மிதக்க வேண்டும், அப்போதுதான் நகர்த்த நேரம் கிடைக்கும். நடுத் துண்டிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் போங்கள். மூக்கிலிருந்து தொடங்கினால் சிறு பிசகுகூட வாலுக்குப் போகும்போது இரண்டு மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும்.

இன்னொன்று, இது அவசரத்தில் பலர் தவறவிடுவது. அந்தக் காலத்து எஸ்ஏஏ விமானங்களில் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் சவுத் ஆஃப்ரிகன் ஏர்வேஸ் என்றும் மறுபக்கம் ஆஃப்ரிகான்ஸில் சாய்ட் ஆஃப்ரிகான்ஸ லுக்டீன்ஸ் என்றும் எழுதியிருக்கும். வால் மானும் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, இரண்டிலும் மூக்குப் பக்கம் பார்த்துதான் பாயும். எந்த விமானத்தைச் செய்கிறீர்களோ அதன் புகைப்படத்தை எதிரே வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். ஜெர்மிஸ்டனில் ராண்ட் ஏர்போர்ட் பக்கம் போக முடிந்தால் எஸ்ஏஏ அருங்காட்சியகத்தில் நிஜ 747-களே நிற்கின்றன. அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால் எழுத்து எவ்வளவு பெரிது, எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் கையில் ஏறிவிடும்.

இறக்கை அடியில் பரப்பு வழவழப்பானதல்ல, எஞ்சின் தாங்கிகளும் ஃபிளாப் கூம்புகளும் துருத்திக்கொண்டிருக்கும். அதனால் அந்த வாசகத்தை எழுத்து எழுத்தாக வெட்டி, இடையிலுள்ள படலத்தை முழுக்க நீக்கிவிட்டு ஒட்டினேன். நேரம் பிடித்தது, ஆனால் சில்வரிங் வர இடமே இல்லாமல் போனது.

அப்படியும் எங்காவது வெள்ளி தெரிந்தால் புது பிளேடின் முனையால் அந்த இடத்தில் நாலைந்து குத்து குத்தி, மைக்ரோ சோல் ஒரு சொட்டு விடுங்கள். ஓட்டை வழியாக உள்ளே இறங்கிக் காற்றைத் தள்ளிவிடும். மறுநாள் பார்த்து மறுபடியும். எல்லாம் காய்ந்ததும் நனைத்த மென்துணியால் முழு மாடலையும் துடையுங்கள். காய்ந்த பசைக் கறை வெள்ளை உடம்பில் இப்போது தெரியாது, கிளியர் அடித்த பிறகு பழுப்பாகத் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது கடைசி கிளியர் கோட். இங்கேதான் டர்பன் தன் வேலையைக் காட்டும்.

போன தைப்பூசக் காவடி முடிந்து கோயிலிலிருந்து திரும்பிய இரவு, மறுநாள் வேலை இருக்கிறது, இன்றே முடித்துவிடலாம் என்று கராஜில் லாக்கர் கிளியர், அதாவது வேகமாகக் காயும் வகை, அடித்தேன். வெயில் தாழ்ந்தும் புழுக்கம் கூடியிருந்தது, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. காலையில் விளக்கைப் போட்டால் ஆரஞ்சு வால் முழுக்கத் திருநீறு பூசினது போல வெளுத்திருந்தது. மான் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. நெஞ்சு அடைத்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த சோடா பாட்டிலின் மேல் தண்ணீர் முத்து முத்தாகப் படிகிறதே, அதே மாதிரி காற்றிலுள்ள ஈரம் ஈரமான கிளியருக்குள் படிந்து, அது போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிற்கின்றன. வெளிச்சம் அதில் சிதறி வெண்மையாகத் தெரிகிறது. பிப்ரவரி மாதம் டர்பனில் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும், இரவில் இன்னும் ஏறும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி அடிக்கிற இடத்தில் மாட்டுங்கள். என் கணக்கு: 65-க்குக் கீழே என்றால் எதையும் அடிக்கலாம். 65-லிருந்து 75 வரை கிளாஸ் மட்டும், அதுவும் லெவலிங் தின்னர் கலந்து, அதில் உலர்வதைத் தாமதப்படுத்தும் பொருள் இருப்பதால் ஈரம் வெளியேற நேரம் கிடைக்கும். 75-க்கு மேல் பெட்டியை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். மேட் கோட் இதில் இன்னும் மோசம், ஈரத்தோடு மேட் தூள் சரியாகக் கலக்காமல் இருந்துவிட்டால் உறைபனி மாதிரி படியும். பாட்டிலை நன்றாகக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள்.

வெளுத்துப்போன வாலை எறிய வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். காய்ந்த நாளாகப் பார்த்து, லெவலிங் தின்னரில் எக்ஸ்-22 மிகக் கொஞ்சமாகக் கலந்து, தூரத்திலிருந்து மூடுபனி மாதிரி ஒரு கோட். மேல் படலம் இளகி, உள்ளே இருந்த வெண்மை கண்ணெதிரே கரைந்து, மான் திரும்ப வெளியே வந்தது. அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன். ஆனால் இதை ஈரமாக அடித்தால் தின்னர் டெக்காலுக்குள் இறங்கிச் சுருக்கிவிடும், மூடுபனிக்கு மேல் ஒரு துளியும் கூடாது.

எந்த கிளியர் ஆனாலும் டெக்கால் மேல் முதல் இரண்டு கோட் அப்படித்தான், லேசாக. அது ஒரு தோல் மாதிரி பாதுகாப்பு கொடுத்த பிறகுதான் ஈரக் கோட். வெள்ளை விமானம் என்பதால் மஞ்சளாகாத கிளியராகப் பாருங்கள், மிஸ்டர் சூப்பர் கிளியரில் யுவி கட் என்று ஒரு வகை உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. பட்டையின் விளிம்பு விரலில் தட்டுப்படாமல் இருக்க வேண்டுமென்றால் மூன்று ஈரக் கோட், இரண்டு நாள் இடைவெளி, 3000 காகிதம் நனைத்து விளிம்பு மேல் மட்டும் பட்டும் படாமலும், பிறகு கடைசியாக ஒரு கோட். முழு பளபளப்பா, சாட்டினா என்பது அவரவர் விருப்பம். என் கண்ணுக்கு 1/144-இல் முழு கிளாஸ் பொம்மை மாதிரி தெரிகிறது, கிளாஸில் கொஞ்சம் மேட் கலந்து அரைப் பளபளப்பாக வைத்தால் நிஜ விமானத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல இருக்கிறது.

நாள் பார்ப்பதில் இன்னும் சில விஷயங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் நமக்கு நல்ல மாதங்கள். ஆனால் பெர்க் காற்று (உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்று) வீசும் நாளில் ஈரப்பதம் மடமடவென இறங்குகிறதே என்று சந்தோஷப்பட்டு உட்காராதீர்கள். அந்தச் சூட்டில் கிளியர் காற்றிலேயே பாதி காய்ந்து தூளாகப் போய் விழும், கூடவே புழுதி. ஜோஹன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில் இருப்பவர்களுக்குக் குளிர்காலம் முழுக்க காற்று வறண்டு, சூடில்லாமலே இதே தொல்லைதான், அங்கே லெவலிங் தின்னரைக் கூட்டுங்கள், அடிப்பதற்கு முன் மாடலை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். டர்பன் கோடையில் மழை விட்ட மாலை ஈசல் கிளம்பும், விளக்கைத் தேடி நேரே ஈரக் கிளியரில் வந்து விழும். எனவே பகலில் அடியுங்கள். காய வராந்தாவில் வைக்காதீர்கள், குரங்குகள் வரும் வீடுகளில் சொல்லவே வேண்டாம். மின்வெட்டுக் காலத்தில் பழகிய ஒன்று: மூன்று லிட்டர் டாங்க் உள்ள கம்ப்ரஸர் இருந்தால் கரண்ட் போன பிறகும் ஏர்பிரஷ்ஷைக் கழுவி எடுக்கும் அளவுக்குக் காற்று இருக்கும், அதற்காகவே டாங்க் உள்ளதாக வாங்குங்கள். லாக்கர் அடிக்கும்போது கரிம ஆவிக்கான வடிகட்டி போட்ட முகமூடி, திறந்த கதவு, பக்கத்தில் அடுப்போ காமாட்சி விளக்கோ எரியக்கூடாது.

அடித்து முடித்ததும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல் பைகளோடு வையுங்கள், ஆவி வெளியேற மூடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்து. என்னுடையது இப்போது அப்படித்தான் இருக்கிறது, இடது இறக்கை அடி முடிந்தது, வலது இறக்கைக்கு ஒரு கோட் பாக்கி. ஈரப்பதமானி இன்று 71 காட்டுகிறது. சனிக்கிழமை பார்க்க வேண்டும்.